கடந்தகாலக் காயங்களுக்கு உளவியல் சிகிச்சை: புதிய நாட்டுக்கு வந்திருப்பவர்கள் முதல் சந்திப்புக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஓரளவு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் பலருக்குப் பழைய நினைவுகள் தலைதூக்குகின்றன. ஆபத்துக் காலத்தில் பிழைத்திருப்பதிலேயே குறியாக இருந்த மனம், பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த அச்சத்தையும் துக்கத்தையும் வெளிக்காட்டுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த நிலைதான். "எல்லாம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன்?" என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். கொடுங்கனவுகள், நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோன்ற உணர்வு, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், சில இடங்களையும் பேச்சுகளையும் தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் உதவி நாடுங்கள்.

பல நாடுகளில் குடும்ப மருத்துவர் வழியாகவே செல்ல வேண்டும். சில இடங்களில் நீங்களே நேரடியாகப் பதிவு செய்யலாம். மருத்துவரிடம் தூக்கமில்லை என்று மட்டும் சொன்னால் பேச்சு மாத்திரையோடு முடிந்துவிடக்கூடும். முன்பு நடந்த ஒன்றின் நினைவுகளால் தூங்க முடியவில்லை என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்ற விவரம் அங்கே தேவையில்லை.

முதல் நாளே அனைத்தையும் கொட்டித் தீர்க்க வேண்டியிருக்கும் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். தேர்ந்த சிகிச்சையாளர் அப்படிக் கேட்பதில்லை. இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, தூக்கம் எப்படி, துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பவற்றை அறிந்து, பதற்றம் மேலிடும்போது நிகழ்காலத்துக்குத் திரும்பும் பயிற்சிகளைக் கற்றுத் தந்த பிறகே நினைவுகளை நெருங்குவார். "இன்று இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்று சொல்லும் உரிமை எப்போதும் உங்களுக்கு உண்டு.

எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அதிர்ச்சி அனுபவங்களை மையப்படுத்திய சிபிடி (CBT, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) முறையையும் இஎம்டிஆர் முறையையும் பரிந்துரைத்தன. இஎம்டிஆரில் நினைவை மனத்தில் கொண்டுவந்தபடியே சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்களால் பின்தொடர்வீர்கள். நடந்ததை விரிவாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால், பேசவே முடியாதவர்களுக்கு இது எளிதாக இருக்கலாம். போர், சித்திரவதை போன்ற பல கொடுமைகளை அடுத்தடுத்துக் கண்டவர்களுக்காக, பிறப்பிலிருந்து இன்றுவரையிலான வாழ்க்கையைக் கால வரிசையில் சொல்லிச் செல்லும் தனி முறை ஒன்றும் இருக்கிறது. ஒரே நிகழ்வின் பாதிப்பு என்றால் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் ஆகும். பல நிகழ்வுகள் என்றால் கூடுதலாகத் தேவைப்படும். தொடக்க வாரங்களில் கனவுகள் சற்றுக் கூடுவதும் உண்டு. அதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

மொழி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்றாட வேலைகளுக்கு அந்நாட்டு மொழி போதுமானதாக இருந்தாலும், வலியைச் சொல்லத் தாய்மொழி தேவைப்படலாம். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கணவரையோ மனைவியையோ உறவினரையோ அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டாம். பிள்ளைகளை ஒருபோதும் வேண்டாம், ஏனெனில் அவர்கள் சுமக்கக்கூடாத பாரம் அது. நம் சமூகம் சிறியதென்பதால் வருபவர் தெரிந்தவராக இருப்பாரோ என்ற கவலை நியாயமானதே. ஆணா பெண்ணா, எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதைப் பற்றிய உங்கள் விருப்பத்தை முன்கூட்டியே சொல்லலாம். வேறு ஊரிலிருந்து தொலைபேசி வழியாகப் பேசுபவரையும் கோரலாம்.

சிகிச்சையாளர் எழுதும் குறிப்புகளை யார் பார்ப்பார்கள், எந்தச் சூழலில் ரகசியம் காக்க இயலாது என்பதை முதல் அமர்விலேயே கேட்டுத் தெளிவுபெறுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்பவை பொதுவான விதிவிலக்குகள். குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் இதைத் தங்கள் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம். அதற்குள் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், உங்கள் முறை வரும்வரை காத்திராமல் அன்றே அவசர எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.