நேம் சர்வர் கோளாறான தளத்தை நிரல் எப்படிக் கையாள வேண்டும்?

எபேன்_நிரலர்:
வணக்கம். மொரீசியஸ் கோவில் சங்கங்களின் அறிவிப்புகளைத் திரட்டும் பைத்தான் நிரல் இது. காவடி நெருங்கும்போதுதான் கூட்டம் அதிகம். ஒரு சங்கத்தின் தளம் சில நேரம் திறக்கிறது, சில நேரம் "பெயர் இல்லை" என்று வருகிறது. நிரலும் அதைச் செத்த தளம் என்று பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறது. அந்த டொமைனின் இரண்டு நேம் சர்வர்களில் (பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள்) ஒன்று பேசுவதே இல்லை. மற்றது ஏ (ஐபிவி4 முகவரிப் பதிவு) கேட்டால் முகவரி தருகிறது, ஏஏஏஏ (ஐபிவி6 முகவரிப் பதிவு) கேட்டால் என்எக்ஸ்டொமைன் ("அப்படியொரு பெயரே இல்லை") என்கிறது. நிரலிலேயே சமாளிக்கலாமா?

வேர்_சர்வர்:
பேசாத சர்வரால் தாமதம்தான் வரும். உண்மையான கேடு அந்த என்எக்ஸ்டொமைன். ஐபிவி6 முகவரி இல்லையென்றால் வெறும் பதிலோடு நோஎரர் (பிழை இல்லை) தரவேண்டும். என்எக்ஸ்டொமைன் என்றால் அந்தப் பெயரில் எந்த வகைப் பதிவுமே இல்லை என்று பொருள். ரீசால்வர் (நமக்காக நேம் சர்வர்களைக் கேட்டுச் சொல்லும் சர்வர்) அதைப் பெயருக்கே சேர்த்துத் தேக்கி வைக்கும் (இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2308). பிறகு ஏ கேட்டாலும் எஸ்ஓஏ (டொமைனின் தலைமைப் பதிவு) சொல்லும் நேரம் தீரும்வரை "இல்லை"தான். எந்தக் கேள்வி முந்துகிறதோ அதைப் பொறுத்துத் தளம் வருவதும் மறைவதும். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4074 இதே கோளாறை விவரிக்கிறது.

நிரலில் முதலில் பிழைகளைப் பிரியுங்கள். பெயருக்கு முகவரி தேடித்தரும் கெட்அட்ரின்ஃபோ ஈஏஐ_அகெய்ன் தந்தால் தற்காலிகத் தோல்வி: செர்வ்ஃபெயில் (சர்வரால் பதில் தர முடியவில்லை) அல்லது டைம்அவுட். அதற்காக எந்தத் தளத்தையும் நீக்கக் கூடாது. ஈஏஐ_நோநேம் ("பெயர் இல்லை") வந்தாலும் ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். கடைசியாக எடுத்த அறிவிப்பைத் தேதியோடு காட்டிக்கொண்டிருங்கள்.

ரோஸ்ஹில்_லினக்ஸ்:
இந்த டொமைனுக்கு மட்டும் ஏஎஃப்_இநெட் (ஐபிவி4 மட்டும்) கொடுத்துக் கேளுங்கள், ஏஏஏஏ போகாது. ஆனால் இணைய நிறுவனத்தின் ரீசால்வரைப் பயன்படுத்தினால் பலன் குறைவு. அடுத்த வீட்டு உலாவி ஏஏஏஏ கேட்டு அதே கேஷைக் (தேக்கிய பதில்களை) கெடுத்துவிடும். சர்வரில் சொந்தமாக அன்பவுண்ட் என்ற ரீசால்வரை வையுங்கள். கெட்அட்ரின்ஃபோ பதில் வரும்வரை தான் ஓடும் திரெட்டையே தடுத்து நிறுத்தும் என்பதால் தனித் திரெட்டில் ஓட்டுங்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் இயல்பு 5 விநாடிக் காத்திருப்பு, 2 முயற்சி. ஒரு கெட்ட டொமைன் வரிசை முழுவதையும் நிறுத்திவைக்கும்.

வேர்_சர்வர்:
அது சரி, ஆனால் அந்த விதிவிலக்குக்குக் காலக்கெடு வேண்டும். ஒட்டுப்போட்டே காலம் கழித்தால் கோளாறு வெளியே தெரியாது, யாரும் திருத்தமாட்டார்கள். பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ், நாட் ஆகிய டிஎன்எஸ் மென்பொருள் குழுவினர் இதற்காகத்தான் 2019 பிப்ரவரி 1-இல் சேர்ந்து ஈடிஎன்எஸ் (டிஎன்எஸ் நீட்டிப்பு) கோளாறுள்ள சர்வர்களுக்கான ஒட்டுகளைக் கைவிட்டார்கள்.

எபேன்_நிரலர்:
நன்றி. மறுமுயற்சி எவ்வளவு இடைவெளியில்? சங்கத்துக்கு என்ன எழுதலாம்?

ரோஸ்ஹில்_லினக்ஸ்:
ரீசால்வர் தோல்வியை அதிகபட்சம் 5 நிமிடமே தேக்கலாம் (ஆர்எஃப்சி 9520). அதற்குள் திரும்பக் கேட்பது வீணாகலாம். 5 நிமிடத்தில் தொடங்கி இரட்டிப்பாக்கி, இடைவெளி 6 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தற்செயல் இடைவெளியும் சேர்த்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மோதாது.

கடிதத்தில் "தளம் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் "இங்கே திறக்கிறதே" என்பார்கள். டிக் என்ற டிஎன்எஸ் சோதனைக் கருவியில் இரண்டு நேம் சர்வர்களையும் தனித்தனியே ரிகர்சன் (வேறு சர்வரைக் கேட்டுச் சொல்வது) இல்லாமல் கேளுங்கள்: எஸ்ஓஏ, ஏ, ஏஏஏஏ. ஏஏ கொடி (அதிகாரபூர்வப் பதில் என்ற குறி) இல்லாமல் வரும் பதிலையும், எஸ்ஓஏ தொடர் எண் மாறுபடுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டை அப்படியே ஒட்டி, அவர்கள் டிஎன்எஸ் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பேசாத சர்வரை டொமைன் பதிவாளரிடம் சொல்லி மேல்மண்டலத்திலிருந்தே (டொமைனுக்கு ஒரு படி மேலுள்ள பதிவிலிருந்தே) எடுக்க வேண்டும். தங்கள் மண்டலக் கோப்பில் மட்டும் நீக்கினால் போதாது.