உதவி: பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் ஷீட் பின்பக்கம் நழுவுது

மாடுலர்_சேலம்
அவசரம். நாளைக்குக் காலைல லோடு. ஷீட் ஏத்தினா பாதி வழில நடுவுல இருக்கிறது மட்டும் பின்னாடி நழுவி வெளிய வருது. ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குற பட்டை) ரெண்டு போட்டிருக்கு, நல்லா டைட். கயிறும் மேல ஒரு சுத்து. இதுக்கு மேல என்னதான் பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல்புகை
என்ன ஷீட்? சிமெண்ட் ஷீட்டா, ஜி.ஐ. ஷீட்டா, பிளைவுட்டா? என்ன வண்டி?

ரீப்பர்கட்டை
எத்தனை ஷீட், எத்தனை எம்.எம்.? பின் கதவு மூடியிருக்கா திறந்திருக்கா? இதெல்லாம் தெரியாம எப்படிச் சொல்றது பாஸ்.

கொக்கி_குமாரு
பெல்ட் டூப்ளிகேட்டா இருக்கும். பெல்ட்ல தச்சிருக்கிற லேபிளப் பாருங்க. நீல லேபிள்னா பாலியஸ்டர், பழுப்புன்னா பாலிப்ரோப்பிலீன். பாலிப்ரோப்பிலீன் வெயில்ல சீக்கிரம் கெடும், இழுபடும். லேபிளே இல்லன்னா தூக்கிப் போட்டுருங்க. ராட்செட் உருளைல ரெண்டு மூணு சுத்து சுத்தியிருக்கணும். ஒரு சுத்துல நின்னா வழுக்கும், அளவுக்கு மீறிச் சுத்தினா உருளை அடைச்சுக்கிட்டு இறுக்கவே முடியாது.

மாடுலர்_சேலம்
சாரி. டாடா ஏஸ். பிரீலேம் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை, மேல லேமினேட் ஒட்டியே வரும்), 8க்கு 4 அடி. 18 எம்.எம். தடிமன்ல 16 ஷீட், 6 எம்.எம்.ல 6 ஷீட். பெல்ட் 50 எம்.எம்., நீல லேபிள்தான்.

டீசல்புகை
சின்ன யானைல 8 அடி ஷீட்டா? அதோட பாடி நீளமே 7 அடி சொச்சம்தான். அப்போ பின் கதவு திறந்துதான் ஓடுது. அதைச் சொல்லவே இல்லையே நீங்க.

ஆறுசக்கரம்
இந்த இழைல வாராவாரம் இதே கேள்விதான். பெல்ட்டை இறுக்கிட்டா லோடு கட்டினதா ஆயிடாது தம்பி. அடிப்படை தெரியாம வண்டி எடுக்கிறாங்க, அப்புறம் வந்து பெல்ட் சரியில்லங்கிறாங்க. சரக்கு நகராம இருக்கணும்னா முதல்ல அதுக்கு ஒரு தடுப்பு வேணும். முன்னாடி கேபின் பக்கம் இருக்கு. பின்னாடி கதவைத் திறந்து வெச்சு அந்தத் தடுப்பை நீங்களே எடுத்துட்டீங்க. சணல் கயிறு போட்டுக் கட்டின காலத்துல எல்லாம் இப்படி நழுவினதில்ல.

கொக்கி_குமாரு
சணல் நனைஞ்சா சுருங்கும், காய்ஞ்சா தளரும். காலைப் பனில இறுக்கிக் கட்டினது மதிய வெயில்ல தொளதொளன்னு நிக்கும். அதையா நல்லதுங்கிறீங்க?

ஆறுசக்கரம்
நைலான் கயிறு நனைஞ்சா நீளும். அதையும் சொல்லுங்களேன்.

கொக்கி_குமாரு
நம்ம ஊர்க் கடைல நைலான்னு தர்றதுல பாதி நைலானே இல்ல, பாலிப்ரோப்பிலீன். ஒரு துண்டு வெட்டித் தண்ணில போடுங்க. மிதந்தா பாலிப்ரோப்பிலீன், முங்கினா நைலான். பாலிப்ரோப்பிலீன் பளபளன்னு வழுக்கும், போட்ட முடிச்சு தானாவே அவிழும்.

ரீப்பர்கட்டை
கயிறு பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாம். மாடுலர், எந்த ஊருக்குப் போகுது? 6 எம்.எம். எங்க வெச்சீங்க, மேலயா நடுவுலயா?

மாடுலர்_சேலம்
ஏற்காடு. 6 எம்.எம். நடுவுல. வளையக் கூடாதுன்னு கீழ 8, மேல 8 வெச்சு நடுவுல போட்டேன்.

டீசல்புகை
ஏற்காடா! 20 கொண்டை ஊசி வளைவு. முதல் பதிவுலயே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.

ஆறுசக்கரம்
ஏத்தம்தான் காரணம்னு எல்லாரும் குதிக்காதீங்க. 10க்கு 1 ஏத்தம்னாலும் பின்பக்கம் இழுக்கிறது எடைல பத்துல ஒரு பங்குதான். அதுக்கே நழுவுற சரக்கு சமதளத்துல கிளட்சை விடும்போதும் நழுவும்.

ரீப்பர்கட்டை
அது சரி. ஆனா குலுக்கல்ல ஷீட் ஒரு நொடி எம்பும். எம்புற நேரத்துல உராய்வே கிடையாது. பின்னாடி பாடிக்கு வெளிய தொங்குற முனைதான் அதிகமா எம்பும். ஏத்தமும் சேர்ந்தா ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். பிரீலேம் மேல பாலிதீன் படலம் ஒட்டியிருக்கும். படலத்து மேல படலம் வெச்சா சீட்டுக்கட்டு மாதிரி ஓடும். அதுல 6 எம்.எம். நடுவுல. உங்க 6 எம்.எம். ஒரு பக்கம் மட்டும் லேமினேட்டா, ரெண்டு பக்கமுமா?

மாடுலர்_சேலம்
ஒரு பக்கம். பின் பலகைக்கு.

ரீப்பர்கட்டை
அப்போ நல்லது. அந்த ஆறையும் கீழ கொண்டு போங்க. தரைல நீளவாக்குல 3 ரீப்பர் (மெல்லிசு மரச் சட்டம்) போடாதீங்க, மெல்லிசு ஷீட் வளையும். ஒரு பழைய பிளை முழு ஷீட்டை முதல்ல விரிச்சு அது மேல வையுங்க. 6 எம்.எம்.மை ஜோடி ஜோடியா, லேமினேட் இல்லாத பச்சைப் பக்கம் ஒண்ணை ஒண்ணு பாக்குற மாதிரி. பச்சை எம்.டி.எஃப். பச்சை எம்.டி.எஃப்.போட நல்லாப் பிடிக்கும். படலமும் படலமும் சேர்ற இடத்துல மட்டும் வழுக்காத மேட் கீத்து நாலு போடுங்க. பழைய டியூப் ரப்பரை வெட்டிப் போடாதீங்க. படலம் கிழிஞ்ச இடத்துல வெள்ளை லேமினேட்ல கறுப்புக் கறை இறங்கும், கிளையண்ட் ஏத்துக்க மாட்டார்.

பாரம்_பார்த்து
எல்லாரும் ஷீட்டையும் கயிறையும் பாக்குறீங்க. பெல்ட் எங்க மாட்டியிருக்குன்னு யாருமே கேக்கல. மாடுலர், கொக்கி பக்கக் கதவுக்கு வெளிய கீழ இருக்கிறதுதானே? பெல்ட் பக்கக் கதவோட மேல் விளிம்பு மேல ஏறி வருதா?

மாடுலர்_சேலம்
ஆமா ஜி. வேற எங்கயும் மாட்ட இடம் இல்ல.

பாரம்_பார்த்து
அதான் விஷயம். கணக்குப் பாருங்க.

16 × 18 = 288, 6 × 6 = 36. அடுக்கு 324 எம்.எம்., அதாவது 32 செ.மீ. ஏஸ் பக்கக் கதவு சுமார் 30 செ.மீ. உயரம். பாடி உள் அகலம் சுமார் 149 செ.மீ., ஷீட் 122. ரெண்டு பக்கமும் 13 செ.மீ. இடைவெளி. பெல்ட் ஷீட் விளிம்புல இருந்து கதவு விளிம்புக்கு வரும்போது 13 செ.மீ. தூரத்துல வெறும் 2 செ.மீ. இறங்குது. ஏறக்குறைய படுத்தே போகுது. கையால இறுக்கினா பெல்ட்ல 300 கிலோ இழுவை வருதுன்னு வெச்சாக்கூட, ஷீட்டைக் கீழ அழுத்துறது ஒரு பக்கத்துக்கு 45 கிலோதான். மிச்சம் எல்லாம் பக்கக் கதவை உள்ள வளைக்கத்தான் போகுது. நீங்க டைட்டா இருக்குன்னு நினைக்கிறது கதவோட டைட்.

இதுக்கு மேல எவ்வளவு நல்ல பெல்ட் வாங்கினாலும் அதே கதைதான்.

கொக்கி_குமாரு
அட. லேபிளைப் பாருங்கன்னு சொன்னதை வாபஸ் வாங்கல, ஆனா இது சரி.

பாரம்_பார்த்து
வழி ரெண்டு. ஒண்ணு, பாடி உள்ள தரைல பெல்ட் கொக்கி மாட்ட டி (D) வடிவ வளையம் நாலு. தகட்டுல மட்டும் வெல்டிங் வெச்சா பிய்ச்சுக்கிட்டு வரும். கீழ ஓடுற குறுக்குச் சட்டம் இருக்கிற இடத்தைப் பாத்து, அடில பிளேட் குடுத்து போல்ட் போடணும். அப்போ பெல்ட் 67 டிகிரில நிக்கும், இழுவைல 90 சதவீதத்துக்கு மேல அழுத்தமா மாறும். இது நாளைக்குள்ள ஆகாது.

ரெண்டாவது இன்னைக்கே ஆகும். பெல்ட் போற இடத்துல ஷீட் மேல குறுக்க 4 இன்ச் உயரக் கட்டை, சரியா 4 அடி நீளம், பெல்ட்டுக்கு ஒண்ணு. இறக்கம் 2 செ.மீ.ல இருந்து 12 செ.மீ. ஆயிடும். அழுத்தம் ஒரு பக்கத்துக்கு 200 கிலோ. கட்டை நடுவுல அரை இன்ச் பிளை துண்டு ஒண்ணு ஆணி அடிச்சிருங்க. இல்லன்னா பெல்ட் ரெண்டு ஓரத்தை மட்டும்தான் அழுத்தும், நடுவுல பிடியே இருக்காது. கட்டைக்கு அடில அட்டை, இல்லன்னா மேல் ஷீட்ல தழும்பு விழும்.

ஆறுசக்கரம்
அழுத்தம் அழுத்தம்னு அதையே நம்பாதீங்க. பின் தடுப்பு இல்லாம மலை ஏறக் கூடாது. 700 கிலோ சரக்கு, பாதி எடைக்காவது பின்னாடி பிடிப்பு இருக்கணும்.

பாரம்_பார்த்து
அது உண்மை, அண்ணன் சொல்றதைக் கேளுங்க. 4 அடிக்கு 1 அடி பிளை துண்டு ஒண்ணு, அடுக்கோட பின் முகத்துல நிறுத்துங்க. ரெண்டு ஓரத்துலயும் பெல்ட் நுழையிற அளவுக்குத் துளை. மூணாவது பெல்ட்டை அந்தத் துளைகள்ல விட்டு, ரெண்டு முனையையும் பக்கக் கதவு ஓரமா முன்னாடி கொண்டு போய் கேபின் பக்கக் கொக்கில மாட்டி இறுக்குங்க. துளை இல்லன்னா பெல்ட் குலுக்கல்ல கீழ இறங்கிடும். பின் தூண் மூலைல பெல்ட் உரசும், அங்க பழைய ஹோஸ் பைப்பைக் கீறிச் செருகுங்க. அடுக்கு கேபின் பக்கம் ஒட்டியிருக்கணும், ஒரு இன்ச் இடைவெளிகூட வேண்டாம். பக்கவாட்டுல 13 செ.மீ. சந்துல கட்டை, பக்கத்துக்கு ரெண்டு. கொண்டை ஊசில அதுதான் பிடிக்கும்.

டீசல்புகை
கதவைத் திறக்காமலே போகலாமே? முன்னாடி முனையைத் தூக்கி ஹெட்போர்டு (கேபினுக்குப் பின்னாடி இருக்கிற முன் தடுப்பு) மேல சாய்ச்சிட்டா 8 அடி உள்ள அடங்கும். பின் கதவே தடுப்பு.

ஆறுசக்கரம்
அடங்க 3½ அடி தூக்கணும். அந்த உயரத்துல 700 கிலோ சாய்ஞ்சு பின் கதவைத் தள்ளும். அந்தக் கொண்டி விரல் தடிமன். வளைவுல வண்டி சாயும். தெரியாத விஷயத்துல யோசனை சொல்லாதீங்க.

டீசல்புகை
கேள்விதான் கேட்டேன். எல்லாத்துக்கும் பாடம் எடுக்கணுமா?

ரீப்பர்கட்டை
700 கிலோங்கிறது ஷீட் மட்டும்தான். 18 எம்.எம். ஒண்ணு 38, 39 கிலோ வரும். ஏஸ் தாங்குறதே 750 அளவுல. இதுக்கு மேல கீல், சேனல் பெட்டி, ஆள் ஒருத்தர் எல்லாம் ஏத்தாதீங்க.

கொக்கி_குமாரு
சின்ன யானைல ஒன்றரை டன் ஏத்தி ஓட்டுறவன் இல்லையா என்ன.

ரீப்பர்கட்டை
ஓட்டுறான். இறக்கத்துல பிரேக் சூடேறி மிதி உள்ள போறப்ப தெரியும். அது மட்டும் இல்ல, பாடிக்கு வெளிய 24 செ.மீ. நீட்டிக்கிட்டு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ)ல நீட்டின லோடுக்கு 20,000 ரூபா, இறக்குற கூலியும் நம்ம தலைல. அடிக்கடி 8 அடி ஷீட் போறவர்னா 9 அடி பாடி பொலேரோ பிக்கப் வாடகைக்கு எடுக்கிறது மேல். கதவை மூடிட்டா பாதிப் பிரச்சனை இல்ல.

கொக்கி_குமாரு
வாடகை யார் குடுப்பா? சட்டம் பேசினா சின்ன வண்டி வெச்சிருக்கிறவன் எல்லாம் வீட்ல உக்காரணும்.

ரீப்பர்கட்டை
ஒரு தடவை 20,000 கட்டினா எத்தனை வாடகைன்னு கணக்குப் போடுங்க.

மாடுலர்_சேலம்
4 இன்ச் கட்டை ரெண்டு, பின்னாடி பெல்ட், பக்கத்துல கட்டை எல்லாம் போட்டாச்சு. மேல போய் இறக்கியாச்சு. 6 எம்.எம். ஒண்ணு மட்டும் அரை இன்ச் வந்திருந்துச்சு, மத்தது அசையல. நன்றி எல்லாருக்கும்.

பாரம்_பார்த்து
நல்லது. நடுவுல எங்கயாவது நிறுத்தி மறுபடி இறுக்கினீங்களா? புது அடுக்கு முதல் 5 கிலோமீட்டர்ல ஒரு தடவை அமுங்கும், அப்போ பெல்ட் தளரும். அந்த அரை இன்ச் அங்கதான் வந்திருக்கும்.

டீசல்புகை
பின் கதவை எப்படி நிறுத்தினீங்க, சங்கிலிலயா இல்ல முழுசாத் தொங்கவிட்டா? தொங்கவிட்டா நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையுதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஆறுசக்கரம்
அவர் போயிட்டார். வேலை முடிஞ்சா எவன் திரும்பி வர்றான். குமாரு, அந்தத் தண்ணில போடுற சோதனை பாலியஸ்டருக்கும் முங்கும்னுதான் காட்டும், நைலானையும் அதையும் எப்படிப் பிரிப்பீங்க?

கொக்கி_குமாரு
ரெண்டு மீட்டர் துண்டை இழுத்துப் பாருங்க. நைலான் நீண்டு திரும்பி வரும், பாலியஸ்டர் அவ்வளவா நீளாது. லோடு கட்ட அதுதான் வேணும்.