சிக்குன்குனியா மூட்டுவலி நீடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம். அம்மாவுக்குச் சிக்குன்குனியா காய்ச்சல் விட்டுவிட்டது, மூட்டுவலி விடவில்லை. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, கணுக்கால் வீங்குகிறது, குழாயைத் திருகக்கூட என்னைக் கூப்பிடுகிறார். அறுபதைத் தாண்டியவர், அந்த வயதில் வலி மாதக்கணக்கில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் என் கவலை. 2006-இல் தமிழகத்தில் பரவியபோது பெரியம்மா வருடக்கணக்கில் அவதிப்பட்டதைப் பார்த்தவள் நான்.

டெங்கு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. இப்போதைக்குப் பாராசிட்டமால் மட்டும் தருகிறோம். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே மாட்டேன்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: விரல், மணிக்கட்டுப் பயிற்சிகளை வீக்கம் இருக்கும்போதே தொடங்கினீர்களா? மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முன்பே போனது யாருக்காவது பலன் தந்ததா? மதுரைப் பக்கம் நல்ல இயன்முறை மருத்துவர் தெரிந்தாலும் எழுதுங்கள்.