கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தினால் காவல்துறையின் கை கட்டுப்படுமா?

வைகைக்கரை:

மதுரைப் பக்கத்தில் வளர்ந்தவர்களில் "கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்காதவர் அரிது. வரப்புத் தகராறோ, காதல் விவகாரமோ, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னபோது எழுந்த வாய்ச்சண்டையோ, எதுவானாலும் அந்த மிரட்டல் பலிக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமைந்திருக்கும் விதமே அதற்குக் காரணம் என்பது, அந்த வழக்குகளில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தரப்புக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவன் என்ற முறையில் என் கருத்து.

திருட்டு என்றால் பொருளை இழந்தவர் ஒருவர் வேண்டும். அடிதடி என்றால் காயம்பட்டவர் வேண்டும். கஞ்சா வழக்கில் புகார் கொடுப்பவரும் காவலர், பறிமுதல் செய்பவரும் காவலர், முதன்மைச் சாட்சியும் காவலர். தகவல் பெற்ற அதிகாரியே புலன்விசாரணையும் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக எதிரியை விடுவிக்க முடியாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வும் கூறிவிட்டது. பொருள் கைவசம் இருந்ததாக நிறுவப்பட்டுவிட்டால், அதற்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு 54ஆம் பிரிவின்படி எதிரியின் தலையில் விழுகிறது. 1 கிலோ வரை சிறு அளவு, அதற்குத் தண்டனை 1 ஆண்டு வரை. 1 கிலோவைத் தாண்டி 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை. அந்த எடையைப் போடும் தராசும் காவல்துறையின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறு அளவு வைத்திருப்பதையும் உட்கொள்வதையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்கிறேன். ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகமே 2021இல் இதை ஒட்டிய பரிந்துரையை முன்வைத்தது. குற்றம் இல்லாத இடத்தில் மிரட்டலுக்கு வேலை இருக்காது.

நொய்யல் ஆசிரியை:

ஐயா, நான் 22 ஆண்டுகளாகப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். என் பதினோராம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் மூன்றே மாதங்களில் வகுப்பறையின் கடைசி வரிசைக்குப் போனான், பிறகு பள்ளிக்கே வராமல் போனான். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் பொட்டலம் விற்றவன் ஒருபோதும் கிலோ கணக்கில் கையில் வைத்திருந்ததில்லை. நான்கு பொட்டலங்களோடு வருவான், விற்றுத் தீர்ந்ததும் போய் இன்னும் நான்கு எடுத்து வருவான். நீங்கள் கேட்கும் திருத்தம் வந்தால், அவன் பிடிபடும்போதெல்லாம் "சொந்தப் பயன்பாடு" என்று சொல்லிவிட்டு நடந்து போவான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதைச் செய்து பார்த்தது. 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரி முதல் எல்லாப் போதைப்பொருள்களையும் சிறு அளவில் வைத்திருப்பதற்கு 100 டாலர் அபராதம் மட்டுமே என்றாக்கினார்கள். உதவி எண்ணை அழைத்துப் பேசினால் அந்த அபராதமும் கிடையாது. அழைத்தவர்கள் மிகச் சிலரே. 2024 செப்டம்பரில் அதே மாநிலம் அதை மீண்டும் குற்றமாக்கியது.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலர்களின் அடியால் இறந்தது கஞ்சா வழக்கிலா? ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதானே தொடக்கம்? 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளியான இளைஞர் இறந்தது நகை காணாமல்போன புகாரில். அடிக்கிற கைக்கு எந்தச் சட்டமும் போதும். கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தினால் அந்தக் கை கட்டுப்பட்டுவிடும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

வைகைக்கரை:

அம்மா, உங்கள் மாணவனைப் பற்றிப் படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. அதனால்தான் கேட்கிறேன்: அவன் பையில் பொட்டலத்தைக் கண்டிருந்தால், நீங்கள் காவல் நிலையத்தை அழைத்திருப்பீர்களா? அழைத்தால் வழக்காகிவிடுமே என்று தயங்கியிருப்பீர்கள். பெற்றோரும் அதே அச்சத்தில் மூடி மறைப்பார்கள். சிகிச்சைக்கு முன்வருபவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்று 64ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் அது குற்றச்சாட்டுக்கு உள்ளானவருக்குத்தான் கிடைக்கிறது. மருத்துவரிடம் போவதற்குக் காவல் நிலையத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் யார் போவார்?

ஓரிகனைப் பொறுத்தவரை, ஃபென்டனில் என்ற கொடிய பொருள் அந்த மாநிலத்துக்குள் பரவிய அதே காலத்தில்தான் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சைக்கான பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. 2001இல் சட்டத்தை மாற்றிய போர்ச்சுகல், 10 நாள் தேவைக்குள் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் 3 பேர் கொண்ட குழுவின் முன் உட்கார வைக்கிறது. பொருள் பறிமுதல் ஆகும், விற்றவனுக்குச் சிறை உண்டு. நான் கேட்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

கை கட்டுப்படுமா என்று கேட்டீர்கள். கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2012இல் கஞ்சா சட்டபூர்வமான பிறகு, சாலையில் நிறுத்தப்பட்ட வாகனங்களைக் காவலர்கள் சோதனையிடுவது கணிசமாகக் குறைந்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கறுப்பினத்தவர் கூடுதலாகச் சோதிக்கப்படும் பாகுபாடு மட்டும் அங்கே போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் நாட்டிலேயே எதிர்த்திசை எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2016இல் பீகார் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 2024இல் பாட்னா உயர் நீதிமன்றம், அந்தச் சட்டம் அதிகாரிகளுக்குப் பெரும் பணம் தரும் வழியாகிவிட்டது, அடிபடுவது ஏழைகளே என்று எழுத வேண்டிய நிலை வந்தது. குற்றத்தைப் பெருக்கினால் காவலரின் பேரம் பெருகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

காவலர் மகள்:

இந்த விவாதத்தில் காவலர் என்றாலே குற்றவாளி என்ற தொனி கேட்பதால் எழுதுகிறேன். என் அப்பா இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். ஆந்திர ஒடிசா மலைப்பகுதியிலிருந்து ரயிலில் கஞ்சா மூட்டைகள் வந்த இரவுகளில் அவர் நடைமேடையில் நின்றிருக்கிறார். பிடிபட்ட கும்பல் செய்த முதல் வேலை, அவர் மீது பொய்ப் புகார் எழுதியதுதான். அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால், கடமையைச் செய்த குற்றத்துக்காக அவர் நீதிமன்ற வாசலிலேயே தன் பணிக்காலத்தைக் கழித்திருப்பார்.

பொறுப்புக்கூறலே இல்லை என்பதும் சரியல்ல. இதே சட்டத்தின் 59ஆம் பிரிவைப் படியுங்கள். கடத்தலுக்கு உடந்தையாக இருக்கும் அதிகாரிக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டுக் கடுங்காவல்.

பொருநை:

நீதிமன்ற எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சகோதரி 59ஆம் பிரிவை நினைவூட்டியது நல்லதாயிற்று. அதற்கு முந்தைய 58ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நியாயமான சந்தேகம் இல்லாமல் ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்து சோதனையிட்டாலோ, தொல்லை தரும் நோக்கில் தேவையின்றி ஒருவரைக் கைது செய்தாலோ, அந்த அதிகாரிக்கு அதிகபட்சத் தண்டனை 6 மாதம், அல்லது 1000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குற்றவாளியோடு கூட்டுச் சேர்ந்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டு. நிரபராதியைப் பிடித்து உள்ளே வைத்தால் 1000 ரூபாயோடு முடித்துக்கொள்ளலாம். எந்தத் தவறுக்கு அஞ்ச வேண்டும், எந்தத் தவறைச் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று சட்டமே அதிகாரிக்குக் கற்றுக்கொடுக்கிறது.

1985ஆம் ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆண்டில்தான், கைவசம் பொருள் இருந்தவரே தன் நிரபராதித்தன்மையை விளக்க வேண்டும் என்ற விதியோடு இந்தச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில்தான் இந்தியச் சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில், காவலில் இருந்தவருக்குக் காயம் ஏற்பட்டால் அதைக் காவலரே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. குடிமகன் மீது சுமத்தப்பட்ட அனுமானம் உடனே நடைமுறைக்கு வந்தது. காவலர் மீதான அனுமானம் 2017இல் 273ஆவது அறிக்கையில் மீண்டும் பரிந்துரைக்கப்பட்ட பிறகும், புதிய சாட்சியச் சட்டத்தில்கூட இடம்பெறவில்லை. ஆகவே வைகைக்கரை சொல்வதுபோல் சட்டத்தைத் தளர்த்துவது மட்டும் போதாது. ஆசிரியை அம்மா விரும்புவதுபோல் சட்டத்தைத் தொடாமல் விடுவதும் ஆகாது. கஞ்சா குற்றமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சமனின்மையை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

முன் அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவு, அரசு 120 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்கிறது. கோப்பை ஆண்டுக்கணக்கில் உறங்கவைக்கும் பழக்கத்துக்கு இது ஓரளவு தடை. உங்கள் அப்பாவைப் போன்ற நேர்மையானவருக்கு இது எந்த வகையிலும் இடையூறாகாது, சகோதரி. 105ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவுசெய்வதும் அவரைப் போன்றவர்களுக்குத்தான் முதல் கவசம். ஆனால் பதிவு பத்திரமாக இருக்க வேண்டும். சாத்தான்குளம் நிலையத்தில் கேமரா இருந்தது. அன்றாடம் பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்பதை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டுபிடித்தார்.

நொய்யல் ஆசிரியை:

58ஆம் பிரிவைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படித்தபோது வெட்கமாக இருந்தது. அதைத் திருத்தவும், சோதனையைப் பதிவுசெய்யாத பறிமுதலை நீதிமன்றம் ஏற்க மறுக்கவும் நான் முழு மனதோடு கை தூக்குகிறேன். ஆனால் சிறு அளவு குற்றமல்ல என்பதை என்னால் ஏற்க முடியாது. போர்ச்சுகலின் 3 பேர் குழுவைச் சொன்னீர்கள். நம் மாவட்ட மருத்துவமனைகளில் போதை மீட்புக்கு எத்தனை படுக்கைகள் இருக்கின்றன, பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயம் குடித்து இறந்தார்கள். அரசு மதுக்கடைகள் திறந்திருக்கும் மாநிலத்தில்தான் அது நடந்தது. சட்டபூர்வமாக்கினால் கள்ளச் சந்தை ஒழியும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

வைகைக்கரை:

விற்பனையைச் சட்டபூர்வமாக்கச் சொல்லவில்லை அம்மா. ஆனாலும் உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். மீட்பு மையங்கள் வருவதற்கு முன்பே குற்றத்தை நீக்கினால், ஓரிகனில் நடந்தது இங்கும் நடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் குறைந்தபட்சம் 27ஆம் பிரிவையாவது, அதாவது உட்கொண்டதற்கே தண்டனை என்பதையாவது, இப்போதே நீக்கலாம். உடலுக்குள் போனதை விற்க முடியாது. உங்கள் பொட்டலக்காரனுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பொருநை ஐயா, 58ஆம் பிரிவைப் பற்றி என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயின்டரை விடுதலை செய்ய வைத்தேன். மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், கையெழுத்திட்ட சாட்சிகள், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கூண்டில் சொல்லிவிட்டார்கள். வழக்கு முடிய 4 ஆண்டுகள் ஆகின. 58ஆம் பிரிவில் புகார் கொடுப்போம் என்றேன். "வேண்டாம் சார், அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்" என்றார். அபராதத்தை 1000 ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினாலும், புகார் கொடுக்க வேண்டியவர் அவராகவே இருக்கும்வரை என்ன நடக்கும்?

பொருநை:

அதனால்தான் புகாரை அவர் கொடுக்கக் கூடாது, நீதிமன்றம் கொடுக்க வேண்டும் என்கிறேன். தன் முன் பொய்ச் சாட்சியம் அளிக்கப்பட்டதாகக் கருதினால், நீதிமன்றமே விசாரித்துப் புகார் அனுப்ப, பழைய நடைமுறைச் சட்டத்தின் 340ஆம் பிரிவு வழி செய்தது; இப்போது அது 379ஆம் பிரிவு. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் விடுதலைத் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன், அவற்றில் "காவலரின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல" என்ற வரியைப் பலமுறை அடித்திருக்கிறேன். அந்த வரியைத் தொடர்ந்து ஒரு புகாரை ஒருமுறைகூட என் கையால் அனுப்பியதில்லை. அடுத்த முறை இப்படி ஒரு விடுதலை கிடைத்தால், உங்கள் கட்சிக்காரர் பெயரில் இல்லாமல், 379ஆம் பிரிவின்படி விசாரிக்கும்படி நீதிமன்றத்திடம் ஒரு மனுவைத் தாக்கல் செய்யுங்கள். நீதிபதி மறுத்தாலும் மறுப்பு எழுத்தில் வரும்; அதை வைத்து மேல்முறையீட்டுக்குப் போகலாம்.