மாதம் ஐந்நூறு ரூபாய் தாடைக்கே போகிறது, மலிவாகச் சவரம் செய்ய வழி உண்டா?

மேன்ஷன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தினமும் முழுச் சவரம் கட்டாயம். டியூட்டி தொடங்கும் முன் மேனேஜர் ஒவ்வொருவர் தாடையையும் பார்ப்பார். எனக்கோ முரட்டு முடி, மாலையே பச்சை தட்டிவிடும்.

இப்போது பயன்படுத்துவது மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ், கைப்பிடியில் கழற்றி மாட்டும் தலை. நான்கு இருக்கும் பாக்கெட் ஐந்நூறைத் தாண்டுகிறது. ஒன்று ஒரு வாரம் ஓடினால் பெரிது, அதற்குப் பிறகு வெட்டாமல் இழுக்கிறது. நுரை டப்பா செலவு தனி. ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாடகை, மெஸ் பில் எல்லாம் பார்க்க வேண்டும், அதில் இது நன்றாகவே உறைக்கிறது. தினமும் சலூன் கட்டுப்படியாகாது.

இன்னொரு தொல்லை, கழுத்தில் சிவந்து பொரிப்பொரியாக வருகிறது. பிளேடு மாட்டும் பழைய மாதிரி ரேசர் மலிவு என்று ரூம்மேட் சொல்கிறான். கழுத்தை அறுத்துக்கொள்வேனோ என்று பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாடிக்கொம்பு:

வேலையை மாற்றுவதுதான் மலிவு, சகோ. நான் ஐ.டி.யில் இருக்கிறேன், என் தாடையை எந்த மேனேஜரும் பார்ப்பதில்லை.

சரி, விளையாட்டு போதும். டிரிம்மர் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சைஃபரில் வைத்து ஓட்டினாலும் அரை மில்லி முடி நிற்கும், உங்கள் மேனேஜர் கண்ணுக்கு அது தப்பாது. ஃபாயில், அதாவது மெல்லிய சல்லடைத் தகடு வைத்த எலக்ட்ரிக் ஷேவர் வழவழப்பாக எடுக்கும். ஆனால் நல்லது வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே ஆயிரக்கணக்கில் போடவேண்டும், ஃபாயில் தேய்ந்தால் மறுபடி ஒரு செலவு.

பஜார்_அண்ணாச்சி:

தம்பி, விருதுநகரில் எங்களுக்கு ஃபேன்ஸி சாமான் மொத்தக் கடை. அப்பா காலத்திலிருந்து பிளேடு விற்கிறோம். வாங்குவது பெரும்பாலும் சலூன்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கொடுக்கும் காசில் கூருக்குப் போவது கொஞ்சம்தான். கைப்பிடியில் போய் மாட்டும் அந்தக் கொக்கிக்குத்தான் விலை. ஒரு கம்பெனியின் தலை இன்னொரு கம்பெனியின் கைப்பிடியில் உட்காராது. கைப்பிடியை வாங்கிய அன்றே நீங்கள் அவர்கள் வாடிக்கை. இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு அப்படி இல்லை. செவன் ஓ'க்ளாக், வில்கின்சன், டோபாஸ், லேசர் என்று எதை எடுத்தாலும் ஒரே நீளம், ஒரே அகலம், நடுவில் ஒரே மாதிரி ஓட்டை. எந்த ரேசரிலும் எந்தப் பிளேடும் போகும். பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம், அதனால் விலை தலைக்கேற வழியில்லை.

என் மகன் எம்.பி.ஏ. படித்தபோது, ரேசரைச் சும்மா கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதித்தவர் ஜில்லெட் என்று வகுப்பில் சொன்னார்களாம். அது பாதிக் கதை. 1904இல் அவருக்கு பேட்டன்ட் கிடைத்தபோது ரேசர் செட்டின் விலை 5 டாலர், அன்றைக்கு அது பெரிய காசு. 1921இல் பேட்டன்ட் காலம் முடிந்து யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகப்போகிற நேரத்தில்தான் 1 டாலர் ரேசரை இறக்கினார்கள். போட்டி வந்தால்தான் விலை இறங்கும். இன்றைக்கும் அதே கதைதான்.

கணக்குக்கு வருவோம். ஐந்து பிளேடு பாக்கெட் இருபத்தைந்து ரூபாய் என்று வையுங்கள். உங்கள் முரட்டு முடிக்கு ஒரு பிளேடு நான்கு சவரம் தாங்கினால் ஒரு சவரத்துக்கு ஒன்றேகால் ரூபாய். மாதம் நாற்பதுக்குள் முடிந்துவிடும். உங்கள் கார்ட்ரிட்ஜ் நூற்று முப்பது ரூபாய், ஏழு நாள். ஒரு சவரத்துக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. புது ரேசர் வாங்கும் காசு முதல் மாதத்திலேயே திரும்பிவிடும்.

ரேசரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அறுபது எழுபது ரூபாய்க்குத் தகரம் மாதிரி ஒன்று வரும். அதில் தலைத்தகடு சரியாக உட்காராமல் ஒரு பக்கம் கூர் அதிகமாக எட்டிப்பார்க்கும். வெட்டு விழுவது அங்கேதான். முந்நூறு நானூறில் பித்தளையோ ஸ்டீலோ, கையில் எடுத்தால் கனம் தெரிகிற மாதிரி வாங்குங்கள். அடியில் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும் மாதிரியும் உண்டு, மூன்று துண்டாகக் கழற்றும் மாதிரியும் உண்டு. எனக்கு மூன்று துண்டுதான் பிடிக்கும். கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை, கழுவுவதும் சுலபம். கடையிலேயே பிளேடு மாட்டி இறுக்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கூர் சமமாகத் தெரியவேண்டும்.

பிளேடில் எது நல்லது என்று கேட்டால் யாருக்கும் பதில் கிடையாது. ஒருவர் தோலுக்கு வெண்ணெயாகப் போவது இன்னொருவருக்கு எரியும். இரண்டு மூன்று கம்பெனியில் ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள். ஜப்பான் ஃபெதர் மட்டும் இப்போது வேண்டாம். கூர் மிக அதிகம், விலையும் அதிகம். கை பழகிய பிறகு ஆசைக்குப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் பயத்துக்கு. கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்தும். அந்த ஒரு பழக்கத்தைத்தான் விடவேண்டும். ரேசரின் தலையை மட்டும் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி நேரே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படியே மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கூர் முடியைத் தொடுவது தெரியும், சர் என்று ஒரு சத்தமும் வரும். அதுதான் கோணம். ரேசரின் கனமே வெட்டிவிடும், உங்கள் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். ஒரு விரல் அகலத்துக்குமேல் இழுக்காதீர்கள். முதல் வாரம் லீவு நாளில் பழகுங்கள், மேனேஜர் காத்திருக்கும் காலையில் வேண்டாம்.

கழுத்தில் வருகிற பொரிக்கும் வழி இதிலேயே இருக்கிறது. மூன்று பிளேடில் முன்னால் போவது முடியைப் பிடித்து இழுக்கும், பின்னால் வருவது வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தோலுக்குள் போய்விடும். சுருள் முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து குத்தும். ஒற்றைப் பிளேடில் அது குறையும். கழுத்தில் எல்லோருக்கும் முடி மேலிருந்து கீழாக வளர்வதில்லை, பலருக்குக் குறுக்கே போகும். விரலால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே முதல் தடவை ஓட்டுங்கள். எதிர்ச் சவரம் கன்னத்தோடு நிற்கட்டும். கழுத்தில் பொரி அடங்கும்வரை வேண்டாம்.

டப்பா நுரையை விட்டுவிடுங்கள். ட்யூப் க்ரீம், ஒரு பிரஷ். வி-ஜானோ கோத்ரெஜோ எதுவானாலும் அவரைக்கொட்டை அளவு போதும், ஒரு ட்யூப் மாதக்கணக்கில் வரும். முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தடவு. ஆஃப்டர்ஷேவ் பாட்டில் விலையில் வருஷத்துக்குப் படிகாரம் வாங்கலாம்.

உலோகப்பித்தன்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மெட்டலர்ஜி மாணவன். எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மிருது. அப்படியிருக்க அது எப்படிப் பிளேடை மழுக்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள்ளேயே சவரம் செய்து பார்த்தார்கள், 2020இல் சயன்ஸ் இதழில் வந்தது. கூர் தேய்ந்து உருண்டு போவதைவிட, ஓரத்தில் நுண்ணிய சில்லு சில்லாகப் பெயர்வதுதான் முக்கியக் காரணமாம். எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாத புள்ளியில், முடி வளைந்து ஒரு பக்கமாக அழுத்தும்போது சில்லு பெயர்கிறது.

நமக்கு இதில் என்ன? முடி விறைப்பாக இருந்தால் பிளேடுக்கும் கேடு. ஈரமான முடியை வெட்ட மிகவும் குறைவான வலுவே போதும். குளித்த கையோடு செய்யுங்கள், இல்லாவிட்டால் நுரையைப் பூசிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். இதற்குப் பைசா செலவில்லை. ஜீன்ஸில் தேய்த்தால் ஒரு வருஷம் வரும் என்கிற வீடியோக்களை நம்பி உட்காராதீர்கள், பெயர்ந்த சில்லு திரும்ப ஒட்டாது. பிளேடின் ஓரத்தை டவலால் துடைக்கவும் வேண்டாம். உதறிவிட்டு ஈரம் காய வைத்தால் போதும்.

மேன்ஷன்வாசி:

அண்ணாச்சி, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. இரண்டு சந்தேகம். மேன்ஷனில் போர் தண்ணீர், சோப்பே நுரைக்காது. க்ரீம் நுரைக்குமா? அப்புறம், காலை ஆறு மணி ஷிஃப்ட் நாளில் குழாயடியில் வரிசை நிற்கும். ஒரு மக் தண்ணீரோடு ரூமிலேயே முடிக்கவேண்டும். அவசரத்தில் பிளேடு ரேசர் சரிப்படுமா?

வனிதா_கே:

பெண்கள் பக்கம் ஒரு வார்த்தை. ரோஸ் கலர் கைப்பிடி போட்டால் அதே ரேசருக்கு விலை கூடிவிடுகிறது. நான் ஆண்கள் ரேக்கில் இருப்பதைத்தான் எடுக்கிறேன், காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இந்த இழையில் யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. மலிவு பிளேடு என்றால் வாரம் இரண்டு பழைய பிளேடு சேரும். அதை எங்கே போடுவீர்கள்? காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டால், அந்தப் பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் விரலில்தான் அது ஏறும். எங்கள் குடியிருப்பில் ஒரு அம்மாவுக்கு உள்ளங்கையில் தையல் போட்டார்கள். பழைய டால்கம் பவுடர் தகர டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறிவிடுங்கள். உண்டியல் மாதிரி போட்டுக்கொண்டே வாருங்கள், நிறைய வருஷம் ஆகும். நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே பிளேடு என்று எழுதி, குப்பையோடு கலக்காமல் கையில் கொடுங்கள்.

ரூம்மேட்டோடு ரேசரைப் பகிராதீர்கள், புது பிளேடு மாட்டினாலும்கூட. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளியிலும் பரவும். மேன்ஷன் என்றதும் இது நினைவுக்கு வந்தது.

பஜார்_அண்ணாச்சி:

வனிதாம்மா சொன்ன டப்பா விஷயம் நூற்றுக்கு நூறு. நம் கடைக்கு வரும் சலூன்காரர்கள் பிளேடை உறையோடு நடுவில் ஒடித்து, ஆளுக்குப் பாதி என்று கத்தியில் மாட்டுவார்கள். ஒரு நாளில் அவர்களிடம் சேருவதைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

தம்பி, உப்புத் தண்ணீரில் எந்த க்ரீமும் சோம்பல் படும். பிரஷை நனைக்கவும் முகம் நனைக்கவும் மட்டும் கேன் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். நுரை கட்டியாக எழும். ரேசரை அலச போர் தண்ணீர் போதும்.

ஒரு மக் தண்ணீர் விஷயத்தில் பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கிறது. 2002 வாக்கில் ஜில்லெட் இந்தியாவுக்கென்று வெக்டர் என்ற ரேசரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். இங்கே மக்கில் முக்கி ஆட்டினால் முடி போய் அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் இங்குள்ள வீடுகளுக்கு வந்து பார்த்து, 2010இல் கார்டு என்று ஒற்றைப் பிளேடு ரேசர் விட்டார்கள். அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்றும் தலை 5 ரூபாய். இன்று விலை ஏறியிருந்தாலும் கார்ட்ரிட்ஜ் வகையில் அதைவிட மலிவாக நான் விற்பதில்லை. மக் தண்ணீரில் அடைக்காது, கோணம் பார்க்க வேண்டாம், வெட்டும் விழாது. முரட்டு முடியை ஒரே இழுப்பில் எடுக்காது, இரண்டு தடவை போகவேண்டும்.

ஆகவே உங்களுக்கு இரண்டும் வேண்டும். நிதானமான நாளுக்குப் பிளேடு ரேசர், ஆறு மணி ஷிஃப்டுக்கு கார்டு. ஊருக்கு விமானத்தில் போனாலும் கார்டுதான் கைப்பையில் போகும், தனிப் பிளேடைப் பிடுங்கிவிடுவார்கள்.

இணையத்தில் பாதி விலைக்கு மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் என்று வந்தால் தொடாதீர்கள். போலி நிறையப் புழங்குகிறது. அட்டையில் அச்சு மங்கலாக இருக்கும், வழுக்கும் பட்டை முதல் நாளே உரிந்து வரும். வாடிக்கையாளர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

மேன்ஷன்வாசி:

சரி அண்ணாச்சி. சம்பளம் வந்ததும் ரேசர் வாங்கிவிடுகிறேன், அதுவரை கார்டு. பிரஷ் எந்த மாதிரி வாங்க?

பஜார்_அண்ணாச்சி:

நைலான் போதும். எண்பது நூறு ரூபாயில் கிடைக்கும், மேன்ஷன் ஈரத்துக்குச் சீக்கிரம் காய்ந்தும்விடும். கம்பு உடையாமல் முடி உதிராமல் இருக்கிறதா என்று விரலால் விரித்து இழுத்துப் பார்த்து வாங்குங்கள். காயும்போது முடி கீழே பார்த்திருக்கட்டும், ஜன்னல் கம்பியில் ஒரு ரப்பர் பேண்டில் மாட்டினால் ஆயிற்று.