ஹார்வர்டின் ராட்சத டியூபா: பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதலாம்

நானே தொடங்குகிறேன். சென்ற அக்டோபரில் பாஸ்டனில் ஒரு வாரம் தங்க நேர்ந்தது. சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில், கேம்பிரிட்ஜில், ஹார்வர்டு பல்கலைக்கழக பேண்டு குழுவிடம் இருக்கும் பெரிய டியூபாவை, அதாவது மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பித்தளை ஊதுகருவியை, பார்த்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை. எழுதிக் கேட்டேன். ஒத்திகைக்கு முன்னால் வாருங்கள் என்று பதில் வந்தது.

கண்டதும் கை தானாக அதைத் தொடப் போய்விட்டது. நாகசுவரத்தில் அணசு என்போமே, அதைப் போல விரிந்த வாய் என் தலைக்கு மேல் நின்றது. சாதாரண பெரிய டியூபாவின் குழாயை நேராக நீட்டினால் சுமார் 18 அடி வரும். இதில் 36 அடி. குழாய் இரு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இதன் அடி ஸ்வரத்துக்கு விநாடிக்கு ஏறக்குறைய 14.6 அதிர்வுகள்தான். மனிதக் காதின் கீழ் எல்லையோ சுமார் 20. அந்த ஸ்வரம் காதில் எப்படித்தான் விழும் என்று அறிய எனக்குத் தவிப்பாக இருந்தது.

ஒரு மாணவி ஊதிக் காட்டினார். முதல் மூச்சு வெறும் காற்றாகவே போயிற்று. அடுத்த மூச்சில் பிடித்துவிட்டார். ஸ்வரமாக இல்லை; தடதடவென்று தனித்தனித் துடிப்புகள். மரத்தரை என் உள்ளங்காலில் நடுங்கியது. பிறகு அவர் ஒரு ஸ்தாயி மேலே ஏறினார். அந்தத் துடிப்புகள் சட்டென்று கூடி ஒரே குரலாகிவிட்டன. அந்தக் கணத்துக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறுவேன்.

இது பெசன் என்ற இசைக்கருவி நிறுவனம் செய்த கருவி. செய்யச் சொல்லி யோசனை தந்தவர் பாட்ரிக் கில்மோர், அயர்லாந்தில் பிறந்த பேண்டு மாஸ்டர். 1869இல் இதே பாஸ்டனில் ஆயிரம் வாத்தியக்காரர்களையும் பத்தாயிரம் பாடகர்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தவர். நூறு தீயணைப்பு வீரர்களைப் பட்டறைக்கற்களில் சுத்தியலால் தாளம் போட வைத்தவர். அவருக்கு இப்படி ஒரு டியூபா தேவைப்பட்டதில் வியப்பில்லை. அவர் 1892இல் காலமானார். ஹார்வர்டு பேண்டு தொடங்கியதே 1919இல்தான். தன்னைவிட மூத்த கருவியை அது இன்றும் ஊதும் நிலையில் வைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிடாததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

*

டியூபாவை நான் பார்த்ததில்லை. ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழக பேண்டின் பெரிய முரசு ‘பிக் பெர்த்தா’வை ஆஸ்டின் மைதானத்தில், பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எட்டு அடி விட்டம். சக்கர வண்டியில் ஏற்றி மாணவர்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அடி விழுந்தபோது என் சட்டை அசைந்தது.

அதன் கதை இன்னும் விசித்திரம். 1922இல் கான் (Conn) என்ற இசைக்கருவி நிறுவனம் அதைச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகச் செய்தது. 1939இல் அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்; முரசு மைதானத்துப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் கிடந்தது. 1942இல் முதல் அணு உலையை அதே மைதானத்து மாடத்தின் அடியில்தான் இயக்கினார்கள். முரசிலும் கதிரியக்கம் படிந்துவிட்டது. 1950களில் ஒரு டாலருக்கு அது டெக்சாஸ் வந்தது. அதைத் துடைத்து, பழுது பார்த்து, மறுபடியும் அடிக்க வைத்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

*

இருபது வருடமாக டியூபா வாசிக்கிறேன். முதல் பதிவில் ‘முதல் மூச்சு வெறும் காற்றாகவே போயிற்று’ என்ற வரியைப் படித்ததும் என் உதடுகளே துடித்தன. என் 18 அடிக் குழாயிலேயே அடி ஸ்வரத்தைப் பிடிக்க உதட்டை எவ்வளவோ தளர்த்த வேண்டியிருக்கிறது. நாலைந்து விநாடிக்குள் நெஞ்சில் காற்று தீர்ந்துவிடும். இரு மடங்கு குழாயில் ஒரு ஸ்வரத்தை நிலைநிறுத்திய அந்த மாணவிக்கு என் வணக்கம். போஹேமியாவின் (இன்றைய செக் நாடு) கிராஸ்லிட்ஸ் நகரில் செய்த இன்னொரு ராட்சத டியூபாவுக்கு ஊத ஒருவர், ஸ்வரம் மாற்றும் வால்வுகளை அழுத்த ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும்.

மே மாதம் பாஸ்டன் போகிறேன். என் ஊதுவாயை உடன் கொண்டுவரலாமா, அது அந்தக் கருவிக்குப் பொருந்துமா என்று ஹார்வர்டுக்கு நேற்றிரவே எழுதிக் கேட்டிருக்கிறேன்.