எஃப்டிஜி பெட் ஸ்கேன்: எஸ்யுவி எங்கே தப்பிப்போகிறது? (அனுபவப் பகிர்வு)

செந்தூல் அக்கா:
எஃப்டிஜி என்பது ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை மருந்து; அதை உடலின் ஓரிடம் எவ்வளவு இழுத்தது என்று, ஊசி அளவையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் எண்தான் எஸ்யுவி. அது போன தடவையைவிட ஏறிவிட்டது என்றதும் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டிஜியில் உள்ள கதிரியக்க அணுவான ஃப்ளோரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடம்தான். காலை 8:00-க்கு அளந்த 400 மெகாபெக்கரல் (கதிரியக்க அளவு), 9:50-க்கு 200. மருந்தை அளக்கும் டோஸ் கேலிப்ரேட்டரைவிட ஸ்கேனரின் கடிகாரம் 10 நிமிடம் முந்தி ஓடினால், மருந்து கூடுதலாகத் தேய்ந்துவிட்டதாகக் கணக்குப் போட்டு எஸ்யுவியை 6 சதவீதத்துக்கு மேல் ஏற்றிக் காட்டும்.

பட்டர்வொர்த் தம்பி:
சிரிஞ்சில் ஒட்டியிருக்கும் மிச்சமும் உண்டு, அக்கா. 240 மெகாபெக்கரல் இழுத்து, ஊசி போட்டபின் 12 நின்றால் உள்ளே போனது 228. கழிக்க மறந்தால் எஸ்யுவி 5 சதவீதம் குறையும். இரண்டு அளவையும் ஒரே நேரத்துக்குத் திருத்திவிட்டுக் கழிக்கணும். எடையையும் கேட்டு எழுதாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். 68 கிலோவை 78 என்று தட்டினால் எண் 15 சதவீதம் வீங்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன்:
கருவியைவிட ஆள் பக்கத்துக் கோளாறுதான் அதிகம். 6 மணி நேரம் பட்டினி என்றால் பலர் சோற்றை மட்டும்தான் கணக்கில் வைக்கிறார்கள். மாமாக் கடை தே தாரேக் “தண்ணிதானே” என்று உள்ளே போய்விடும். கெட்டிப்பாலும் சீனியும் இன்சுலினை எழுப்பிவிட, எஃப்டிஜி தசைக்குள் ஓடும். தொடை, தோள், இதயம் எல்லாம் படத்தில் கருத்துக் கிடக்கும், கட்டி மங்கிவிடும். அதனால் தாதி “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால் போதாது, “காலையிலிருந்து வாயில் என்னென்ன வெச்சீங்க?” என்று கேட்கணும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11.1 மில்லிமோலைத் தாண்டினால் ஸ்கேனைத் தள்ளிவையுங்கள். அவசரத்துக்கு இன்சுலின் போட்டு இறக்கி உடனே எஃப்டிஜி ஏற்றினால் அதே தசைக் கதைதான். இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குடல் பளிச்சென்று தெரியும். குடலைப் பார்க்கத்தான் ஸ்கேன் என்றால், மருத்துவர் சம்மதத்தோடு 48 மணி நேரம் நிறுத்துவார்கள். முந்தின நாள் பத்துமலையின் 272 படியும் வேண்டாம், கெண்டைக்கால் காட்டிக்கொடுக்கும்.

பட்டர்வொர்த் தம்பி:
ஏர்கோனை விட்டுட்டீங்களே அண்ணே! வெளியே வெயில் கொளுத்தும், காத்திருக்கும் அறை ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும். குளிரில், உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டு சர்க்கரையை எரிக்கும். காரை எலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிந்து, நிணநீர் முடிச்சு என்று ஏமாற்றும். உடலமைப்பைக் காட்டும் சிடி படத்தை மேலே வைத்துப் பாருங்கள்: அந்த இடத்தில் முடிச்சே இல்லாமல் வெறும் கொழுப்பாக இருந்தால் இதுதான் காரணம். கம்பளியை ஊசிக்கு முன்பே கொடுக்கணும். ஊசி போட்டு அரை மணி கழித்துப் போர்த்தினால் பெரிய பயனில்லை.

செந்தூல் அக்கா:
ஊசி போட்டபின் காத்திருக்கும் 60 நிமிடமும் போன் பேச்சு வேண்டாம், குரல்வளைத் தசை படத்தில் தெரியும். முதல் ஸ்கேன் 60 நிமிடத்தில், அடுத்தது 85-இல் என்றால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. பல கட்டிகள் அதற்குள் இன்னும் இழுத்திருக்கும்.